நீர் வடியும் காலத்துப் பறவைகள்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் பறவை பார்க்க ஏற்ற காலத்தை ஏரியின் நீர்மட்டம் தீர்மானிக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிரம்புகின்றன. தை பிறந்தபின் மதகு வழியே பாசனத்துக்கு நீர் இறங்கும். மிச்சத்தை வெயில் குடிக்கும். மாசி, பங்குனியில் ஏரியின் உள்வாய் வெளியே தெரியத் தொடங்குகிறது. சிப்காட் தொழில் வளாகங்களுக்கு இடையே கிடக்கும் பிள்ளைப்பாக்கம், மணிமங்கலம் போன்ற ஏரிகளில் கூட்டம் சேருவது அப்போதுதான்.

எந்த ஆழத்துக்கு எந்தப் பறவை என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. ஏரி நிறைந்திருக்கையில் முக்குளிப்பானும் நாமக்கோழியும் நீர்க்காகமும்தான் கண்ணில் படும். முழங்கால் அளவுக்கு நீர் குறைந்ததும் மீன்கள் குட்டைகளில் அடைபடுகின்றன. கூழைக்கடாவுக்கும் மஞ்சள்மூக்கு நாரைக்கும் அது விருந்து. கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் பருவமும் இதுவே என்பதால் இரை தேடும் வேகம் கூடுகிறது. இன்னும் வற்றிச் சேறு தெரிந்தால் உள்ளான்கள் வரிசையாக இறங்கும். நத்தைகுத்தி நாரை சேற்றில் அலகை விட்டு நத்தை எடுப்பதை நெடுநேரம் பார்க்கலாம்.

வடக்கு ஆசியாவிலிருந்து வந்த ஊசிவால் வாத்து, நீலச்சிறகி முதலியவை பயணத்துக்குக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டு மார்ச், ஏப்ரலில் கிளம்புகின்றன. நாள்காட்டியில் இளவேனில் தொடங்கும் சித்திரைக்குள் அவற்றில் பெரும்பாலானவை போய்விடும். புறப்படுமுன் மீசை ஆலாவின் வயிறு கருத்து, குளிர்காலத்து வெளிறிய தோற்றம் மாறியிருக்கும். அடையாளம் காண்பதில் புதியவர்கள் தடுமாறும் இடம் இது. சிற்றேரிகள் வற்றிய பிறகு, சென்னையின் குடிநீருக்காக 24 அடி வரை நீர் தேக்கும் செம்பரம்பாக்கம் மிஞ்சிய பறவைகளுக்குப் புகலாகிறது.

இங்கே நிலம் கிழக்கு நோக்கிச் சரிவதால் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்கே இருக்கிறது. காலையில் கரைமேல் நிற்பவருக்குச் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். நீர்மேல் உள்ள பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். ஏரி வெட்டியவர்கள் இதை நினைத்திருக்கமாட்டார்கள், ஆனால் பறவை பார்ப்பவருக்கு இதைவிட நல்ல மேடை அமையாது.

மரங்களின் கதை வேறு. தமிழகத்து ஏரி உள்வாய்கள் பலவற்றில் சமூகக் காடுகள் திட்டத்தின்கீழ் வனத்துறை கருவேலம் நட்டது. வெள்ளத்தைத் தாங்கும் இந்த முள்மரம் விறகுக்காக வளர்க்கப்பட்டது. நீர் சூழ நிற்கையில் கொக்கும் நீர்க்காகமும் அதில் கூடு கட்டுகின்றன. பயிர்போல முற்றியதும் வெட்டப்படும் தோப்பு இது. கூட்டில் குஞ்சு இருக்கும்போது வெட்டினால் ஓராண்டுப் பெருக்கம் போகும். ஏரி வற்றி, குஞ்சுகள் பறந்த பின் வெட்டுவதே முறை.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையின் கிழக்கு முனையில் வண்டலூர்க் காப்புக்காடு இருக்கிறது. அதன் மரங்களில் குளிர்காலத்துக்கு வரும் மாங்குயிலைத் தேடலாம். வடக்கே திரும்பும் ஆறுமணிக்குருவி ஏப்ரலில் காலையும் மாலையும் சீழ்க்கை அடித்துத் தன் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

தொழிற்பேட்டையின் காலி மனைகளையும் விட்டுவிடக் கூடாது. சரளை பரந்த வெட்டவெளியில் மார்ச் முதல் ஆள்காட்டி தரையிலேயே முட்டையிடுகிறது. கல்லிலிருந்து முட்டையைப் பிரித்தறிவது கடினம். பறவை தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தினால் கூடு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.