சுல்தானாவின் கனவு

1905ஆம் ஆண்டு, சென்னையிலிருந்து வெளிவந்த பெண்களுக்கான ஆங்கில இதழொன்றில் 'சுல்தானாவின் கனவு' என்னும் சிறுகதை இடம்பெற்றது. அதை எழுதியவர் வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கேயா சகாவத் உசைன். அவர் பிறந்த குடும்பத்தில் பெண்களுக்கு வங்காளமோ ஆங்கிலமோ கற்பிக்கும் வழக்கம் இல்லை. தமையனாரின் துணையால் இரவுகளில் மறைவாகக் கற்றார்.

கதையில், அந்தப்புரத்திலேயே வாழ்ந்து பழகிய சுல்தானா கனவில் ஒரு நாட்டைக் காண்கிறாள். அங்கே பெண்கள் அச்சமின்றித் தெருவில் நடக்கின்றனர். ஆண்களோ வீட்டுக்குள் அடைபட்டுச் சமைக்கின்றனர், குழந்தைகளைப் பேணுகின்றனர். பெண் அறிஞர்கள் மேகத்திலிருந்து நீரைப் பெறுகின்றனர். கதிரவனின் வெப்பத்தைத் திரட்டி அடுப்புக்குப் பயன்படுத்துகின்றனர். படையெடுத்து வந்த பகைவரை விரட்டியதும் அவ்வெப்பமே. 21 வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் அங்குத் திருமணம் இல்லை.

அடைபட்ட ஆண்களைக் கண்டு வாசகர் முதலில் சிரிப்பார். பிறகு, 'இஃது அநீதி அல்லவா?' என்று எண்ணுவார். அவ்வாறாயின், பெண்கள் அடைபட்டிருந்தபோது அஃது ஏன் இயல்பாகத் தோன்றியது? இக்கேள்வி வாசகரின் உள்ளத்திலேயே எழுகிறது. பிறர் கூறும் அறிவுரையை மறுத்துவிடலாம். தமக்குள் எழுந்த கேள்வியை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆண்களுக்காக வாதாடுபவள் சுல்தானாவே என்பது கதையின் நுட்பம். ஆண்களே வலிமை மிக்கவர்கள் என்கிறாள் அவள். மனிதனைவிடச் சிங்கம் வலியது. அதனால் அது மனித இனத்தை ஆள்கிறதா என்று கேட்கிறாள் தோழி சாரா. பெண்களின் மனத்திலேயே வேரூன்றிய நம்பிக்கையைத்தான் ரொக்கேயா இங்கு அசைத்துப் பார்க்கிறார். ஒரு சாராரை விடுவித்து மற்றொரு சாராரை அடைப்பது நீதியாகாதுதான். ஆயினும் இக்கதை நாடாளும் திட்டமன்று, நையாண்டி. கணவர் சகாவத் நின்றபடியே இதைப் படித்து முடித்து, கடுமையான பழிவாங்கல் என்றாராம்.

கணவர் மறைந்த பின், 1911இல் கல்கத்தாவில் 8 மாணவியருடன் ரொக்கேயா ஒரு பள்ளியைத் தொடங்கினார். பெண்பிள்ளைகளை அனுப்புமாறு வீடு வீடாகச் சென்று வேண்டினார். பெண்கள் தடையின்றித் தெருவில் உலவும் நாட்டைப் படைத்தவர், தம் மாணவியரை நாற்புறமும் மூடிய வண்டியிலேயே அழைத்துவர வேண்டியிருந்தது. இல்லையெனில் பெற்றோர் அவர்களை அனுப்பியிருக்க மாட்டார்கள்.