உடன்பயில்வோர் கூறு: புதுவை மாணாக்கரின் இணையவழிக் கற்றல்

நன்னூற் பொதுப்பாயிரம் மாணாக்கனது புலமை நிரம்பும் வகையைப் பங்கிட்டுக் கணக்கிடுகின்றது. ஆசிரியர் கூறியதை எவ்வளவு செம்மையாகக் கேட்டுக்கொண்டாலும் கைவருவது காற்பங்கே. உடன்பயில்வோரோடு கலந்து பழகுவதால் மற்றொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்கும்போதுதான் நிரம்பும். இது பவணந்தியார் கணக்கு. நான்கில் மூன்று பங்கு ஆசிரியரை விட்டு நீங்கிய பின்னரே கிடைக்கின்றது என்பதை நம்மில் ஆசிரியத் தொழில் செய்வோர் சற்று அடக்கத்துடன் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உடன்பயில்வோரை அவர் 'அவ்வினையாளர்' என்கின்றார். அத்தொழிலையே தாமும் செய்வோர் என்பது இச்சொல்லின் பொருள். இக்கட்டுரை முழுமைக்கும் அச்சொல்லே நமக்கு உரைகல்லாகும்.

புதுவை நகரின் பள்ளி மாணாக்கர் வகுப்புக்கொரு வாட்சாப் குழுவாகக் கைப்பேசியிற் கூடி, வீட்டுப்பாடத்தையும் தேர்வு வினாக்களையும் தம்முள் பகிர்ந்துகொள்ளுதல் இன்று பொதுவழக்காயிற்று. 2020 மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது வேறு வழியின்றிப் பெருகிய இவ்வழக்கம், பள்ளிகள் மீண்டும் திறந்த பின்னரும் நின்றுவிடவில்லை. இதனைக் கல்வி என்று மகிழ்வாரும் உளர். பார்த்தெழுதும் தீமை என்று கடிவாரும் உளர். இரு திறத்தாரும் இதனை இக்காலத்துப் புதுமை எனக் கொள்கின்றனர். அது பொருந்தாது.

திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் ஒருவரே. அகவையும் படிப்பும் வேறுபட்ட பிள்ளைகள் பலர். ஆகவே முன்னேறிய மாணாக்கன் சட்டாம்பிள்ளையாக நின்று, இளையோர்க்கு மணலில் நெடுங்கணக்கு எழுதிக் காட்டினான். எண்சுவடியை முறைவைத்துச் சொல்லுவித்தான். புதுவையிலும் இம்முறை நெடுங்காலம் வழங்கிற்று. 1891இல் இந்நகரிற் பிறந்த பாரதிதாசன் முதற்கண் எழுத்தறிந்தது திருப்புளிசாமி ஐயாவின் திண்ணைப் பள்ளியிலேயாம். சட்டாம்பிள்ளையின் பிரம்பைப் பற்றி நகையாடுவோர், அவன் நாள்தோறும் பாடம் சொல்லிச் சொல்லித் தன் பாடத்தை உறுதிசெய்துகொண்டான் என்பதை மறந்துவிடுகின்றனர்.

ஆயினும் சட்டாம்பிள்ளை ஆசிரியரின் நிழலே. முற்றும் அவ்வினையாளன் அல்லன். ஆசிரியரின்றி ஒத்தார் நால்வர் கூடிக் கற்ற காட்சியொன்றை இத்தாலிய வழிச்செலவினர் பியெத்ரோ தெல்லா வல்லே எழுதி வைத்துள்ளார். 1623 நவம்பரில், கருநாடகத்து இக்கேரிக்குச் செல்லும் வழியில், மலைமேற் கோயில் ஒன்றின் முன்மண்டபத்தில் சிறுவர் நால்வரை அவர் கண்டார். ஒருவன் கணக்குப் பாடத்தை இசையோடு சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுத, ஏனையோரும் உடன்சொல்லி எழுதினர். மண்டபத்தில் ஆசிரியர் இல்லை. பிழை நேர்ந்தால் திருத்துவார் யார் என்று அவர் வினவினார். நால்வரும் ஒரே இடத்தில் மறத்தலோ பிழைத்தலோ இயலாது என்றும், ஆதலால் ஒருவரை ஒருவர் திருத்திக்கொள்வதாகவும் அச்சிறுவர் விடை கூறினர். உடன்கற்றலின் இயல்பை இதனினும் சுருங்க விளக்கியார் உளரோ என்று நாம் ஐயுறுகின்றோம்.

இம்மரபு கடல் கடந்ததும் உண்டு. 1789 முதல் சென்னை எழும்பூரில் இருந்த அனாதைச் சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பாளராய்ப் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல் என்பார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு அதனைத் தம் இல்லத்திற் புகுத்த விழைந்தார். அவருடைய ஆசிரியர்கள் இணங்கவில்லை. அவர் எட்டு அகவைச் சிறுவன் ஒருவனிடம் கீழ்வகுப்பை ஒப்புவித்தார், வெற்றி கண்டார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூலால் இது 'மதராஸ் முறை' எனப் பெயர் பெற்றது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் கொடையால் எழுந்த பள்ளி இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றே வழங்குகின்றது. ஜோசப் லங்காஸ்டர் இதனையொத்த முறையைப் பேரளவிற்கு விரித்தார். பிரெஞ்சு நாட்டிலும் 1815ஐ ஒட்டி இது 'பரஸ்பரக் கல்வி' என்ற கருத்துடைய பெயரோடு பரவி, 1830களுக்குப் பின் தளர்ந்தது. தளர்ச்சிக்குக் காரணம் பல. அவற்றுள் ஒன்று நம் ஆய்வுக்கு இன்றியமையாதது: ஆசிரியர் ஒருவர்க்கு மாணாக்கர் பலநூற்றுவர் என்னும் நிலை வந்தபோது, உதவும் மாணாக்கன் கேட்டதை அப்படியே ஒப்புவிக்கும் பொறியாயினான். வினாவுக்கு இடமில்லை, விளக்கத்திற்கும் இடமில்லை. பரிமாற்றம் எஞ்சியது, உரைத்தல் ஒழிந்தது.

கைப்பேசிக் குழுவில் நிகழும் இடர்ப்பாடும் இதுவே என்பது நம் கருத்து. ஒரு மாணவி கணக்கொன்றைத் தீர்த்து, அத்தாளைப் படம் பிடித்துக் குழுவில் இடுகின்றாள். நாற்பதின்மர் அதனைப் பெயர்த்தெழுதுகின்றனர். மூன்றாம் வரியில் அவள் ஒரு குறியைப் பிழைபட இட்டிருப்பின், நாற்பது ஏடுகளிலும் அதே மூன்றாம் வரியில் அதே பிழை தோன்றும். மண்டபத்துச் சிறுவர் நால்வரும் தனித்தனியே பாடம் கேட்டு உழைத்தவர். அதனாலன்றோ அவர் பிழைகள் ஓரிடத்திற் கூடவில்லை! தாமும் அத்தொழிலைச் செய்யாதாரை அவ்வினையாளர் என்பது எங்ஙனம்?

இக்காலக் கல்வி உளவியலும் இதனோடு முரண்படவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நோரீன் வெப் என்னும் அறிஞர், குழுவாகக் கணக்குக் கற்கும் மாணாக்கரிடை நிகழ்ந்த பேச்சை ஆராய்ந்தார். விளக்கம் கூறியோர் கற்றலில் மேம்பட்டனர் என்பதும், விளக்கமின்றி விடையை மட்டும் பெற்றோர் பின்னடைந்தனர் என்பதும் அவ்வாய்வுகளாற் புலனாயின. பவணந்தியார் கூறிய அரைப்பங்கு எத்திறத்தார்க்குச் சேரும் என்பது இதனால் விளங்கும். முதன்மதிப்பெண் கருதித் தன் குறிப்பை மறைத்து வைப்பவன் பிறர்க்குத் தீங்கு செய்வதாகவே உலகம் கருதும். நன்னூற் கணக்கின்படி அவன் இழப்பது தனக்குரிய அரைப்பங்கையே.

புதுவையில் இவ்வாராய்ச்சிக்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. முன்னர்ப் புதுவை, காரைக்கால் பகுதிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாகே கேரளப் பாடத்திட்டத்தையும், ஏனாம் ஆந்திரப் பாடத்திட்டத்தையும் பின்பற்றின. 2023-24 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டம் பெருமளவில் நடைமுறைக்கு வந்தது. அண்ணன் வைத்துச் சென்ற குறிப்பேடும், அடுத்த வீட்டு அக்காள் அடையாளமிட்டுத் தந்த வினாத்தொகுப்பும் அவ்வாண்டில் பெரும்பாலும் பயனற்றுப்போயின. தனிப்பயிற்சிக்குப் பணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளைக்கு, அதே புதுப்பாடத்தோடு அன்றிரவு தானும் போராடும் தோழனே துணை. சட்டாம்பிள்ளை என்று சொல்லத்தக்க மூத்தோர் எவரும் இலராகி, ஒத்தாரே ஒத்தார்க்கு உதவும் நிலை முதல் அணியினர்க்கு வாய்த்தது. இத்தகையோர்க்குக் குழுவைத் தடைசெய்தல் கொடுமையாகும். விடைப்படத்திற்கு மாறாக, கணக்கின் வழியைக் குரற்பதிவாய்ச் சொல்லி அனுப்புமாறு ஆசிரியர் பழக்குவித்தலே தக்கது. சொல்லத் தொடங்கிய பிள்ளை மூன்றாம் வரியில் தானே தடுக்கி நின்று பிழையைக் காணும். கேட்கும் பிள்ளையும் அவ்விடத்தில் ஏன் என்று வினவும்.

அவ்விளக்கம் எம்மொழியில் நிகழும் என்பதும் நோக்கற்பாலது. பாடநூல் ஆங்கிலத்தில் இருப்பினும், ஐயம் எழுவதும் தீர்வதும் புதுவையில் தமிழிலும், மாகேயில் மலையாளத்திலும், ஏனாமில் தெலுங்கிலுமே இயல்பாக நிகழும். 1826இல் தோன்றிய பிரெஞ்சுப் பள்ளியின் மாணாக்கர்நிலை இன்னும் வேறு. அவர்கள் எழுதும் பக்கலோரேயாத் தேர்வு பிரெஞ்சு மொழியினது. பிரான்சில் உறவினருடைய குடும்பங்கள் புதுவையிற் பல. அங்குள்ள மாமன் மகளிடம் கணக்கில் ஐயம் கேட்கும் பிள்ளைக்குக் குளிர்காலத்தில் நான்கரை மணி நேரமும், கோடையில் மூன்றரை மணி நேரமும் கடிகாரம் வேறுபடுகின்றது. அவள் பள்ளிவிட்டு வந்து கைப்பேசியை எடுக்கும் வேளையில் இங்கே இரவு ஒன்பது கடந்துவிடும். வினா பிரெஞ்சிலும் விளக்கம் பாதி தமிழிலுமாக அப்பாடம் நடைபெறுகின்றது.