தீப்பெட்டி ஊரில் ஒரு நகைக்கடைக் கவிஞர்

சாத்தூரைத் தாண்டித் தெற்கே நாற்கரச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் கோவில்பட்டி. மாவட்டக் கணக்கில் அது தூத்துக்குடி. வெயில், கரிசல், தீப்பெட்டி ஆபீஸ் என்று மற்ற எல்லாக் கணக்கிலும் சிவகாசி வட்டாரம். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். வானம் பார்த்த பூமி மெல்ல மெல்லக் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் உட்கார்ந்தது. அப்படிப்பட்ட ஊரில் குடும்பத்து நகைக்கடையில் இருந்துகொண்டே கவிதை எழுதி வந்தவர் தேவதச்சன். 1952இல் பிறந்தவர், இயற்பெயர் ஆறுமுகம்.

இந்த ஊருக்கு எழுத்தாளர்கள் புதிதல்ல. பக்கத்து இடைசெவலில் பிறந்தவர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். பூமணி, சோ. தர்மன் இருவரும் இதே வட்டாரம். நால்வருமே சாகித்ய அகாதெமி விருது பெற்றவர்கள். அவர்கள் எழுத்தைத் தொட்டால் கையில் கரிசல் ஒட்டும். அதே எதிர்பார்ப்போடு தேவதச்சனைப் புரட்டுபவர் ஏமாந்துதான் போவார். வட்டார வழக்கு அநேகமாகக் கிடையாது. இருப்பதெல்லாம் எந்த ஊரிலும் இருக்கக்கூடிய தெரு, வீடு, பறவை, மத்தியான வேளை.

அவருடைய ஒரு கவிதையில் ஒருவர் துணி துவைக்கிறார். குருவிகளின் இரைச்சல் கேட்கிறது. துவைத்துக்கொண்டே இருக்கிறார், குருவிகள் பறந்துபோன பிறகு அந்த அமைதியும் காதுக்கு எட்டுகிறது. இன்னொரு துணிக்குக் கை போகும்போது, அமைதியே குருவிகளாகி ஒலிக்கத் தொடங்குகிறது. அவ்வளவுதான் கவிதை. உவமை, அறிவுரை, கண்ணீர் எதுவும் கிடையாது. எனக்குப் பிடித்தது அந்தக் கைகள். இத்தனை நடந்தும் அவை வேலையை நிறுத்தவில்லை.

நகைக்கடைக்காரர் என்றதும் 'பொன்னை நிறுப்பதுபோலச் சொல்லை நிறுப்பவர்' என்று எழுதக் கை பரபரக்கும். எனக்கென்னவோ தராசைவிடக் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் முக்கியமாகப் படுகிறது. ஆள் வரும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய தொழில் அது.

அமெரிக்கக் கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸும் இப்படித்தான். ஹார்ட்ஃபோர்ட் நகரில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் துணைத் தலைவர். கார் ஓட்டமாட்டார், ஆபீசுக்கு நடந்து போகும் வழியிலேயே கவிதை சேர்ந்துவிடும். 1923இல் முதல் தொகுப்பு வந்தது. அடுத்ததற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. நம்மவர் அவரையும் மிஞ்சினார். கவிஞர் ஆனந்துடன் சேர்ந்து வெளியிட்ட 'அவரவர் கைமணல்' 1982இல் வந்தது. 'அத்துவான வேளை' வந்தது 2000இல். பதினெட்டு ஆண்டுகள்! இன்றைக்குப் புத்தகக் கண்காட்சிக்கு ஒன்று என்று தொகுப்பு போடுபவர்களுக்கு இது விளங்குவது கஷ்டம்.

ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் நேர் எதிர். ஸ்டீவன்ஸ் யாரோடும் எளிதில் ஒட்டாதவர். தேவதச்சனோ பேச்சுக்காரர். கௌரிஷங்கர், கோணங்கி, சமயவேல், உதயசங்கர் என்று நீளும் கோவில்பட்டி நண்பர் வட்டத்தில் அவர் பேச்சுக்குத் தனி இடம் உண்டு. விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணற்றிலிருந்து வந்த எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன் அவரைத் தன் ஆசான் என்றே எழுதியிருக்கிறார். அந்தப் பதினெட்டு வருட இடைவெளியில் கவிதை பேச்சாகச் செலவாகிவிட்டதோ என்றுகூடத் தோன்றும். செலவு வீண்போகவில்லை, கேட்டவர்கள் எழுத்தாளர்களானார்கள்.

2000க்குப் பிறகு மடை திறந்தது. 'கடைசி டினோசர்', 'யாருமற்ற நிழல்', 'ஹேம்ஸ் என்னும் காற்று', 'இரண்டு சூரியன்' என்று தொகுப்புகள் வந்தன. 2015இல் விஷ்ணுபுரம் விருது கிடைத்தது. புதிதாகப் படிக்க நினைப்பவர்கள் இந்தப் பிற்காலத் தொகுப்புகளில் ஒன்றிலிருந்து தொடங்கலாம். 1982ஆம் ஆண்டுத் தொகுப்பில் தத்துவம் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். அதை எடுத்த எடுப்பில் கையில் எடுக்க வேண்டாம்.