கன்னியாஸ்திரிகள் ஆய்வு

கன்னியாஸ்திரிகள் ஆய்வு என்பது முதுமையையும் ஆல்சைமர் நோயையும் பற்றி அமெரிக்காவில் நடத்தப்பட்ட நீண்டகால மருத்துவ ஆய்வு ஆகும். நோய்ப்பரவலியல் அறிஞர் டேவிட் ஸ்னோடன் 1986 ஆம் ஆண்டு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இதைத் தொடங்கினார். 1990 இல் அவர் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது ஆய்வும் அங்கு மாறியது. நோட்ர டேம் பள்ளிச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த 678 கத்தோலிக்கத் துறவியர் இதில் பங்கேற்றனர். மூளையில் நோயின் அடையாளங்கள் மிகுந்திருந்தாலும் ஒருவர் நினைவாற்றல் குன்றாமல் வாழ முடியும் என்பதை இவ்வாய்வு எடுத்துக்காட்டியது.

பின்னணி

ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் ஆல்சைமர் 1906 இல் இந்நோயை முதன்முதலில் விவரித்தார். மறதியாலும் மனக்குழப்பத்தாலும் அவதியுற்று இறந்த ஒரு பெண்ணின் மூளையில் இருவகை மாற்றங்களை அவர் கண்டார். ஒன்று, நரம்பணுக்களுக்கு வெளியே சேரும் படிவுகள். மற்றொன்று, நரம்பணுக்களுக்குள் முறுக்கிக்கொள்ளும் இழைமுடிச்சுகள். இவை முறையே அமிலாய்டு, டவ் என்னும் புரதங்களால் ஆனவை என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. இம்மாற்றங்களின் அளவு மட்டுமே மறதியின் அளவைத் தீர்மானிக்கிறதா என்ற கேள்விக்கு விடை காண, ஒருவரை உயிருடன் இருக்கும்போது பல ஆண்டுகள் சோதிப்பதோடு, இறந்தபின் அவரது மூளையையும் ஆராய வேண்டும்.

ஆய்வு முறை

பொதுமக்களிடையே உணவு, வருமானம், தொழில், மகப்பேறு, புகைப்பழக்கம், மருத்துவ வசதி ஆகியவை ஆளுக்கு ஆள் வேறுபடும். நோய்க்கான காரணத்தைத் தேடும்போது இவ்வேறுபாடுகள் குழப்பம் தரும். கன்னியாஸ்திரிகளோ இளம் வயது முதல் ஒரே வகை வீட்டில் வாழ்ந்து, ஒரே உணவை உண்டு, ஒரே தரமான மருத்துவ கவனிப்பைப் பெற்றவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஆசிரியைகளாகப் பணியாற்றியவர்கள். இளமைக்கால விவரங்களும் மடங்களின் ஆவணங்களில் பாதுகாக்கப்பட்டிருந்தன.

1917 ஆம் ஆண்டுக்கு முன் பிறந்த சகோதரிகள் மட்டுமே ஆய்வில் சேர்க்கப்பட்டனர். சேரும்போது அவர்களின் வயது 75 முதல் 102 வரை இருந்தது. ஆவணங்களைப் பார்க்க அனுமதித்தல், குறிப்பிட்ட இடைவெளிகளில் நினைவாற்றல் சோதனைகளுக்கும் உடல் சோதனைகளுக்கும் உட்படுதல், இறந்தபின் மூளையைத் தானமாக அளித்தல் ஆகிய மூன்றுக்கும் அவர்கள் சம்மதித்தனர். அழைக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இதற்கு இசைந்தனர். மூளைகளை ஆராயும் பணியை நரம்பு நோயியல் வல்லுநர் வில்லியம் மார்க்ஸ்பெரி மேற்கொண்டார்.

சகோதரி மேரி

ஆய்வில் மிகவும் அறியப்பட்டவர் சகோதரி மேரி. பல பத்தாண்டுகள் ஆசிரியையாக இருந்த இவர் 101 வயதில் இறந்தார். இறப்பதற்குச் சில காலம் முன்பு வரை நினைவாற்றல் சோதனைகளில் நல்ல மதிப்பெண்கள் பெற்றார். ஆனால் இவரது மூளையில் ஆல்சைமர் நோய்க்குரிய படிவுகளும் முடிச்சுகளும் ஏராளமாகக் காணப்பட்டன. மூளையை மட்டும் பார்த்த ஒருவர் இவருக்கு மறதிநோய் இருந்திருக்கும் என்றே எண்ணக்கூடும். இத்தகைய தாங்கும் திறனை ஆய்வாளர்கள் மூளையின் சேமிப்புத் திறன் என அழைக்கின்றனர்.

இரத்த ஓட்டத்தின் பங்கு

1997 இல் வெளியான கட்டுரை ஒன்று, இறந்த 102 சகோதரிகளின் மூளைகளை ஆராய்ந்தது. அவர்களுள் 61 பேரின் மூளைகளில் ஆல்சைமர் நோய்க்குரிய மாற்றங்கள் போதிய அளவில் இருந்தன. இந்த 61 பேரில், மூளையின் ஆழ்ந்த பகுதிகளில் இரத்தம் தடைபட்டதால் உண்டான ஓரிரு சிறு சேதங்கள் இருந்தவர்களிடம் மறதிநோய் மிக அதிகமாகக் காணப்பட்டது. எஞ்சிய 41 பேரில், இத்தகைய சேதத்துக்கும் மறதிக்கும் இடையிலான தொடர்பு வலுவற்றதாக இருந்தது. அதாவது, ஆல்சைமர் மாற்றங்களோடு இரத்தக்குழாய்ச் சேதமும் சேரும்போது மறதி வெளிப்படும் வாய்ப்பு மிகுகிறது. இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்திப் பக்கவாதத்தைத் தவிர்ப்பது மூளைக்கும் நன்மை என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது.

இளமைக்கால எழுத்துகள்

சபையில் சேர்ந்த சகோதரிகள், சராசரியாக 22 வயதில், தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதியிருந்தனர். மொழியியலாளர் சூசன் கெம்பருடன் இணைந்து ஸ்னோடன் இவற்றின் கருத்துச் செறிவை அளந்தார். பத்துச் சொற்களுக்கு எத்தனை கருத்துகள் உள்ளன என்பதே கருத்துச் செறிவு ஆகும். எடுத்துக்காட்டாக, “நான் பள்ளிக்குப் போனேன். எனக்குப் பள்ளி பிடிக்கும்” என்பதில் செறிவு குறைவு. “மழையில் நனைந்தபடி தம்பியோடு நடந்துபோன அந்தச் சிறிய பள்ளியை இன்றும் விரும்புகிறேன்” என்பதில் செறிவு அதிகம்.

1996 இல் வெளியான முடிவுகளின்படி, இளமையில் கருத்துச் செறிவு குறைவாக இருந்தவர்கள், சுமார் 58 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த நினைவாற்றல் சோதனைகளிலும் பின்தங்கினர். இறந்தபின் ஆராயப்பட்ட 14 பேரில், செறிவு குறைவாக இருந்த அனைவரின் மூளையிலும் ஆல்சைமர் நோய் உறுதியானது. செறிவு அதிகமாக இருந்த எவரிடமும் அது காணப்படவில்லை. 2001 இல் வெளியான மற்றொரு கட்டுரை 180 சகோதரிகளின் வரலாறுகளை ஆராய்ந்து, மகிழ்ச்சி, நன்றி, நம்பிக்கை போன்ற உணர்வுகளை மிகுதியாக வெளிப்படுத்தியவர்கள் நீண்ட காலம் வாழ்ந்ததாகக் கண்டறிந்தது.

வரம்புகள்

பங்கேற்றோர் அனைவரும் பெண்கள். ஒரே வகை வாழ்க்கை வாழ்ந்தவர்கள். எனவே முடிவுகளை எல்லா மக்களுக்கும் அப்படியே பொருத்த இயலாது. எழுத்து பற்றிய ஆய்வில் மூளை பரிசோதிக்கப்பட்டோர் எண்ணிக்கையும் மிகச் சிறியது. செறிவற்ற எழுத்து நோய்க்குக் காரணம் என்று இவ்வாய்வு நிறுவவில்லை. இளமையில் மூளை போதிய வளர்ச்சி பெறாமையின் அடையாளமாகவோ, பல பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்ட நோயின் அடையாளமாகவோ அது இருக்கலாம்.

பொதுவாசகர்களுக்காக ஸ்னோடன் எழுதிய ‘ஏஜிங் வித் கிரேஸ்’ என்ற நூல் 2001 இல் வெளிவந்தது. சகோதரிகள் தானமளித்த மூளைகளும் அவர்களைப் பற்றிய ஆவணங்களும், அவர்களின் மறைவுக்குப் பின்னரும் ஆய்வுகளுக்குப் பயன்பட்டு வருகின்றன.