லாடச் சிறுநீரகமும் கேட்கப்படாத கேள்விகளும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது வடசென்னையின் திருவொற்றியூரில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் இருந்தார்கள். பிறப்பவர்களில் சுமார் 500 பேருக்கு ஒருவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் கீழ்முனையில் ஒட்டிக்கொண்டு குதிரை லாடத்தின் வடிவில் அமைந்துவிடும் என்பது மருத்துவ நூல்கள் தரும் பொதுக்கணக்கு. அதன்படி பார்த்தால் அந்த ஓர் ஊரிலேயே 500 பேர் வரை லாடச் சிறுநீரகத்தோடு நடமாடியிருக்க வேண்டும். பெண்களைவிட ஆண்களுக்கு இது ஏறக்குறைய இரு மடங்கு. பலருக்குத் தங்கள் உடலின் இந்த அமைப்பு கடைசிவரை தெரியவே தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் அவர்களுக்கு வருவதில்லை. லாட வடிவம் தன்னளவில் நோயல்ல. அதில் நீர் தேங்கும்போதும், கல் கட்டும்போதும், கிருமி சேரும்போதும்தான் அது நோயாகிறது. வடசென்னையில் அந்த மாற்றத்தை விரைவுபடுத்துவது ஒருவர் செய்யும் வேலையாக இருக்கக்கூடும். வலியோடு வருபவரின் வேலையைக் கேட்காமல் அவருடைய சிறுநீரகத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பதே என் வாதம்.

கரு உருவான முதல் சில வாரங்களில் சிறுநீரகங்கள் இடுப்புக் குழிக்குள் அருகருகே இருக்கின்றன. பிறகு மேலேறி விலாவுக்கு அடியில் போய் அமர்கின்றன. அதற்கு முன்பே அவை ஒட்டிக்கொண்டால், இணைக்கும் பாலம் பெருந்தமனியின் ஒரு கிளையில் தடுக்கி, சிறுநீரகம் பாதி வழியில் முதுகெலும்புக்கு முன்னால் நின்றுவிடுகிறது. சிறுநீர்க் குழாய்கள் இந்தப் பாலத்தின் மேல் ஏறி வளைந்து இறங்க வேண்டியிருக்கிறது. நீர் வடிவது மந்தமாகிறது. இவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கல் உண்டாகிறது. சிறுநீரகம் தாழ்வாகவும் நடுவிலும் இருப்பதால் வலியின் இடமும் மாறிப்போகலாம். வழக்கமான கல்லடைப்பு வலி விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் இறங்கும். இவர்களுக்கோ தொப்புளைச் சுற்றி வலிக்கலாம், குமட்டலாம், முதுகைப் பின்னால் வளைத்தால் வலி கூடலாம். இதை வாயு என்றும் அல்சர் என்றும் எண்ணி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டே மாதக்கணக்கை ஓட்டிவிட முடியும்.

இந்த மந்தமான வடிகாலோடு வேலையும் சேர்ந்துகொள்கிறது. துறைமுக வாயிலில் தன் முறை வருமென்று வரிசையில் நிற்கும் டிரெய்லர் ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கிப் போக முடியாது. அதனால் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார். காசிமேட்டில் மீன் விற்கும் பெண் கழிப்பறையை நினைத்தே தாகத்தை அடக்குகிறார். எண்ணூர்ப் பக்கத்து வார்ப்படப் பட்டறையில் உலையருகே நிற்பவருக்கு உடம்பின் நீரெல்லாம் வியர்வையாகப் போகிறது. வேலையிடத்து வெப்பமும் கழிப்பறையின்மையும் பெண் தொழிலாளர்களின் சிறுநீர்ப் பாதையை எப்படிப் பாதிக்கின்றன என்பதைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சிறுநீர் எரிச்சல் வந்தால் நம் ஊரில் ‘சூடு பிடிச்சிருக்கு’ என்போம். இளநீர் குடித்தால் தணிகிறது. அது தவறில்லை, செறிந்த சிறுநீர் எரியத்தான் செய்யும். ஆனால் குளிர்காய்ச்சலும், சிறுநீரில் ரத்தமும், திரும்பத் திரும்ப வரும் கடுப்பும் சூட்டுக் கணக்கில் சேர்க்கக்கூடியவை அல்ல. இதில் கொடுமையான ஒரு சிக்கலும் இருக்கிறது. சிறுநீரகத்திலிருந்து குழாய் புறப்படும் இடத்தில் அடைப்பு இருந்தால், நிறையத் தண்ணீர் குடித்த பிறகுதான் வலி பிடுங்கும். அந்த மனிதர் தண்ணீரே தனக்கு ஆகாது என்று முடிவுகட்டி மேலும் குறைப்பார். கல் கட்டுவதற்கு அதுவே வழியாகும். ‘தண்ணி நிறையக் குடிங்க’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் அதைப் பின்பற்றப் போவதில்லை. எப்போது வலிக்கிறது என்று கேட்டிருந்தால் அடைப்பைச் சந்தேகித்திருக்கலாம்.

ஸ்கேன் எடுத்தால் ஒரு நிமிடத்தில் தெரிவதற்கு இத்தனை கேள்விகள் எதற்கு என்று கேட்கலாம். குடலின் காற்று மறைத்தால் அல்ட்ராசவுண்டில் இணைப்புப் பாலம் தெரியாமலே போகக்கூடும். தெரிந்தாலும், வடிவத்தைக் காட்டும் படம் அந்த வடிவம்தான் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிடாது. வேறு எதற்காகவோ எடுத்த ஸ்கேனில் இது தற்செயலாகக் கண்ணில் படுவதும், அதற்குப் பிறகு வரும் முதுகுவலி முழுவதும் அதன் தலையில் விழுவதும் நடக்கின்றன. உண்மையிலேயே அடைப்பு இருக்கிறதா என்பதை டி.டி.பி.ஏ. ஸ்கேன் போன்ற சோதனை சொல்லும். அதற்கு யாரை அனுப்புவது என்பதைச் சொல்வது நோயாளியின் வாய்மொழிதான். இன்னொரு கேள்வி இந்தப் பகுதிக்கே உரியது: இந்த லாட வடிவம் ஆலைகளின் புகையாலும் கழிவாலும் வந்ததா? 2023 டிசம்பரில் எண்ணெய்க் கசிவையும் அமோனியாக் கசிவையும் அடுத்தடுத்துப் பார்த்த எண்ணூர் மக்கள் அப்படிக் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் லாடச் சிறுநீரகம் இந்தப் பகுதியில் அதிகம் என்பதற்கோ, மாசுதான் அதை உண்டாக்குகிறது என்பதற்கோ சான்று இல்லை. உலகெங்கும் இதே அமைப்பு காணப்படுகிறது. ஈயமும் காட்மியமும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதற்குத் திடமான சான்று உண்டு. மாசுக்கு எதிரான வழக்கை அந்தச் சான்றோடு பேசுவதே மக்களுக்குப் பலம்.

நலமாக இருப்பவரிடம் அவருக்கு லாடச் சிறுநீரகம் இருப்பதைச் சொல்லி ஏன் பயமுறுத்த வேண்டும் என்போரும் உண்டு. சொல்லத்தான் வேண்டும். பாலம் முதுகெலும்பின் மேல் கிடப்பதால் வயிற்றில் பலமாக அடிபட்டால் அது நசுங்கும் வாய்ப்பு அதிகம். பளு தூக்குபவருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் இது தெரிந்திருப்பது நல்லது. வயிற்றில் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும், ஏனென்றால் இந்தச் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தக் குழாய்கள் ஆளுக்கு ஆள் மாறுபடும். அதிர்வலையால் கல்லை உடைத்தாலும் துகள்கள் எளிதில் வெளியேறாததால் சிகிச்சைத் திட்டமே மாறலாம். ஸ்டான்லி மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் கூட்டம் முட்டும்போது மருத்துவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது நேர்மையான எதிர்வாதம். ஆனால் என்ன வேலை, எத்தனை மணிநேரம் சிறுநீரை அடக்குகிறீர்கள், தண்ணீர் குடித்த பின் வலி கூடுகிறதா, சிறுநீரில் ரத்தமோ கூடவே காய்ச்சலோ வந்ததுண்டா என்ற கேள்விகளை ஒரு செவிலியர் கேட்டு ஓ.பி. சீட்டிலேயே குறித்துவிட முடியும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடுவீடாகப் போகும் ஊழியர்களும் இதைக் கேட்கலாம். பதில்களை ஊர்வாரியாகத் தொகுத்தால், எந்தச் சாலையில் கழிப்பறை வேண்டும், எந்தப் பட்டறையில் குடிநீர் வேண்டும் என்பதும் அதிலேயே வந்துவிடும்.