கார் அறுத்தான், கார் ஓட்டினான்

ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களிடம் ஷேர் ஆட்டோக்காரர் 'தலைக்கு இருபது ரூபாய்' என்கிறார். தலையை மட்டும் யாரும் ஏற்றிவிடுவதில்லை. 'கம்பெனி விட்டாச்சா?' என்று டீக்கடையில் கேட்கிறார்கள், விட்டது ஆட்களை. 'வண்டி இழுக்கல' என்கிற மெக்கானிக், மாட்டின் வேலையை எஞ்சின் மேல் ஏற்றிச் சொல்கிறார். சென்னை வட்டாரத்துக் கார் ஆலைப் பகுதியில், மறைமலை நகரிலிருந்து ஒரகடம் வரை நாளெல்லாம் புழங்கும் பேச்சு இது. அணி என்பது கவிஞர்கள் செய்யுளுக்குப் பூட்டும் நகை என்றுதான் பள்ளியில் படித்தோம். இவர்கள் யாரும் நகை பூட்டவில்லை. இப்படிப் பேசாவிட்டால் வேலை ஓடாது, அவ்வளவுதான்.

நம் இலக்கணிகளுக்கு இது தெரிந்தே இருந்தது. உவமைக்குத் தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் தனி இயல் ஒதுக்குகிறது. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகிவரும் ஆகுபெயரையோ, சொற்களின் இலக்கணம் சொல்லும் சொல்லதிகாரத்தில், வேற்றுமை மயங்கியலில் வைக்கிறது. நன்னூலிலும் அது பெயரியலில்தான். உவமையும் உருவகமும் இரண்டு பொருள்களின் ஒப்புமையில் பிறப்பவை. 'போல' இருந்தால் உவமை, அதுவே இது என்றால் உருவகம். ஆகுபெயருக்கு ஒப்புமை தேவையில்லை, தொடர்பு போதும். தலை ஆளின் உறுப்பு, ஆகவே ஆளைக் குறிக்கிறது: சினையாகுபெயர். 'கார்' என்பது கருமை; அது கரிய மேகத்துக்கு ஆகி, மேகம் வரும் பருவத்துக்கு ஆகி, அப்பருவத்தில் விளையும் நெல்லுக்கும் ஆனது. 'கார் அறுத்தான்' என்பதில் பெயர் மூன்று படி இறங்கியிருக்கிறது. கார் ஓட்டுகிற ஊரிலும் அதே கணக்குதான். ஹென்றி ஃபோர்டு ஒரு மனிதர். அவர் பெயர் நிறுவனத்துக்கும், அது செய்த காருக்கும், மறைமலை நகர் ஆலைக்கும் ஆனது. 2021 செப்டம்பரில் அறிவித்தபடி 2022இல் அங்கே கார் உற்பத்தி நின்றபோது 'ஃபோர்டு போயிடுச்சு' என்றார்கள். கட்டடம் நின்ற இடத்திலேயே நின்றது.

இவையெல்லாம் தேய்ந்த வழக்குகள், 'தலைக்கு' என்றதும் யாருக்குத் தலை நினைவுக்கு வருகிறது என்று கேட்கலாம். வருவதில்லைதான். குதிரைத்திறன் என்னும்போது நாம் குதிரையையும் பார்ப்பதில்லை. ஆனால் தேய்ந்ததிலிருந்தே புதிதும் முளைக்கிறது. மனிதர் படுப்பதுபோல் பேட்டரி 'படுத்துடுச்சு'. இப்போது நைட் ஷிஃப்ட் முடித்த மனிதர் 'சார்ஜ் இறங்கிடுச்சு' என்கிறார். உவமை போன வழியே திரும்பி வந்திருக்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம், உவமை ஏமாற்றும் என்பது. சென்னை வட்டாரத்தை 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று மேடைதோறும் சொல்கிறார்கள். அந்த டெட்ராய்ட் 2013இல் திவால் மனு போட்ட நகரம். அதற்காக உவமையை விலக்க வேண்டியதில்லை, கேள்வி கேட்டால் போதும். வினை, பயன், மெய், உரு என நான்கில் எதில் ஒப்புமை என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. டெட்ராய்ட் வினையில் ஒக்கும்: இங்கும் கார் செய்கிறார்கள். பயனிலும் ஒக்குமா என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. உவமை பொருளைவிட உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதும் பழைய விதி. 2013க்குப் பிறகு அதுவும் இடிக்கிறது.

அப்படியானால் நேர்ப்பொருளிலேயே பேசலாமே என்றால், பேச வேண்டிய இடம் உண்டு. பிரஸ் மெஷினில் 'கை வைக்காதீர்' என்று எழுதியிருந்தால் அது கையையே சொல்கிறது. சம்பளத்தில் கை வைக்காதீர் என்று கேட்டுக்கு வெளியே கோஷம் போட்டால், எந்த நிர்வாகமும் தன் விரல்களைப் பார்த்துக்கொள்வதில்லை.