சைலன்சர் ஓசைக்கு மட்டுமன்று, உயிர்க்காப்புக்கும் உரியது

போடிநாயக்கனூர்ப் பகுதியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பழைய ஜீப்புகளை நம் உறுப்பினர் பலர் அறிவர். வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த மகிந்திரா வண்டிகளே அவற்றுள் மிகுதி. நான்கு சக்கரங்களும் இழுப்பதால், மழையில் சேறான மலைப்பாதையிலும் அவை ஏறிவிடும். ஆயினும் முதுமை எய்திய வண்டிக்கு, யானைக்கு மணி போல, ஓசை முன்னே வரும். வண்டி பின்னே வரும். ஓசைதானே என்று நாம் அதனைப் பொறுத்துக்கொள்கிறோம். அது பொறுக்கத்தக்கதன்று.

எஞ்சின் வெளிவிடும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமில்லை; மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது பிராணவாயுவினும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். தலைவலி, மயக்கம், உறக்கம், இறுதியில் மரணம் என்பதே அதன் வரிசை. பெட்ரோல் வண்டியில் இவ்வாயு மிகுதி, டீசலில் குறைவு. ஆயினும் டீசல் புகை புற்றுநோய் விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012இல் அறிவித்தது. குழாய் இடையில் ஓட்டையானால், அப்புகை தரைப்பலகையின் இடுக்கு வழியே, படுதா மூடிய வண்டிக்குள் அமர்ந்திருப்போரை அடைகிறது. களைத்து உறங்குவதாக நாம் எண்ணும் குழந்தை, உண்மையில் மயங்கியிருக்கவும் கூடும்.

குழாய் ஏன் இற்றுப்போகிறது? ஒரு லிட்டர் எரிபொருள் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக வெளிப்படுகிறது. குறுகிய தூரமே ஓடும் வண்டியில் குழாய் போதிய சூடு ஏறாமையால், அந்நீர் உள்ளேயே தங்கித் துருவை விளைக்கிறது. ஆகவே வெளியே நலமாகத் தோன்றும் சைலன்சரும் உள்ளே அரித்திருக்கலாம்.

மாற்றும் முறையைக் கூறுவோம். எஞ்சின் முற்றும் ஆறியிருத்தல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகுதல் கூடாது. உறுதியான தாங்கிகளை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். துருவேறிய நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு வைத்தால், போல்ட் முறியாமல் கழன்று வரும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதையே இடுக.

புதிய குழாயை முன்னிருந்து பின்னாக, எல்லா இணைப்புகளையும் தளர்வாகவே மாட்டி வர வேண்டும். இவ்வகை வண்டியில் முன் ஆக்சிலுக்கும் ஒரு சுழல்தண்டு செல்வதால் அடியில் இடம் குறுகல். ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கும்போது ஆக்சில் மேலெழும்; அப்போதும் குழாய், தண்டிலோ பிரேக் குழாயிலோ உரசாதவாறு இடைவெளி பார்த்த பின்னரே இறுக்க வேண்டும். எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அசைவது. ஆதலின் குழாயையும் ரப்பர்ப் பிடிகளிலேயே தொங்கவிடுக. சட்டத்தோடு இறுகப் பற்றவைத்தால் விரைவில் விரிசல் காணும்.

விலை மலிவு என்று துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயை வெட்டிப் பற்றவைப்பாரும் உளர். அப்பூச்சு எரிந்தெழும் புகை பற்றவைப்பவருக்குக் காய்ச்சலைத் தரும், தவிர்க்க.

குழாயின் வாய் வண்டியின் உடலைக் கடந்து வெளியே நீள வேண்டும். புகையைத் தரை நோக்கியோ இடப்புறமாகவோ விடலாகாது என்பதே 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் பொது நெறி. பஞ்சுப் பொதி, நூல் சிப்பம், காய்ந்த புல் ஆகியவை சூடான குழாயைத் தொடாதபடி காப்பதும் நம் கடமையே.

வேலை முடிந்ததும், திறந்த வெளியில் வண்டியை இயக்கி, சூடேறுமுன் இணைப்புகளில் சோப்புநீர் தடவுக. குமிழி எழுந்தால் அங்கே கசிவு உண்டு. சில நாள் ஓடியபின், எஞ்சின் ஆறிய நிலையில் மீண்டும் ஒருமுறை நட்டுகளை இறுக்குதல் நலம்.

சங்கத்து வண்டி பலருக்கும் பொது. பொதுவென்பதாலேயே அதன் பழுது ஒருவர் கண்ணிலும் படாமற் போவதுண்டு. அறுவடை முடியட்டும், தறிக்கூலி வரட்டும் என்று இச்செலவை ஒத்திவைக்க வேண்டா. சரக்கு நனைந்தால் உலர்த்திக்கொள்ளலாம். வண்டியின் பின்னே அமர்ந்து வருவோரின் மூச்சுக்கு மாற்றில்லை.